நாலு எண்ணி மூச்சு விட்டவன்

பட்டாளத்துக்குப் போவதற்கு முன்னால் உலகநாதனைப் போன்ற பயந்தாங்கொள்ளியை லாலாகூடா ரயில்வே காலனி பார்த்ததில்லை. இடி இடித்தால் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வான். தாலி கட்டும்போது கை நடுங்கிய நடுக்கத்தில் முதல் முடிச்சே விழவில்லை. நாகம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அப்பேர்ப்பட்டவன் 1941-இல் பட்டாளத்தில் சேர்ந்தான். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஆள் எடுக்கவில்லை, திருமலகிரி பட்டாள முகாமில் எடுத்தார்கள், அவ்வளவுதான் காரணம். அங்கே ஹவில்தார் புருஷோத்தமன், முதுகில் மூட்டையோடு ஐந்து மைல் ஓடவிட்டு, ஓடி வந்து நின்ற கையோடு ஊசியில் நூல் கோர்க்கச் சொல்வார்.

"பயம் மனசுலயா இருக்கு? மூச்சுல இருக்குடா! நாலு எண்ணி இழு, நாலு எண்ணி விடு."

முதல் மாதம் ஊசி விரலில்தான் ஏறியது. ஆறாம் மாதம் பயிற்சிக்காகத் தலைக்கு மேலே தோட்டா பறக்கவிட்டபோதும் நூல் ஒரே தடவையில் உள்ளே போனது. பர்மாவில் அந்தப் பயிற்சி அவனைக் கைவிடவில்லை. பக்கத்தில் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்த சிப்பாய் சின்னசாமி செத்தபோதுகூட அவன் குறி தப்பவில்லை. நாலு எண்ணினான், சுட்டான். உயிரோடு திரும்பியதற்கு அதுதான் காரணம், அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

நாற்பத்து நாலில் லீவில் வந்திருந்தபோது மகள் விஜயகுமாரிக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று வயது. நாலாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டாள். உலகநாதன் துளிகூடப் பதறவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான், குழி வெட்ட ஆள் பிடித்தான், வந்தவர்களுக்குத் தேநீர் சொன்னான். கண்ணில் ஈரமே இல்லை. "கல்லுடா இவன்" என்று காலனி பேசியது. அழ வேண்டும் என்று அவனும்தான் நினைத்தான். அழுகை கிளம்பும்போதெல்லாம் மூச்சு தானாகவே நாலு எண்ணத் தொடங்கிவிடும். நிறுத்தத் தெரியவில்லை.

நாகம்மாவோ சோறு தண்ணி இல்லாமல் பத்து நாளாக அழுதுகொண்டிருந்தாள். லீவு முடிந்து அவன் கிளம்ப வேண்டிய அன்று காலையில் வந்து எதிரே நின்றாள்.

"உங்களுக்கு எப்படிங்க வலிக்காம இருக்குது?"

அவன் மூச்சு விஷயத்தைச் சொன்னான். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான்.

"எனக்கும் சொல்லிக்குடுங்க. என்னால தாங்க முடியல."

கேட்கிறவள் பெற்றவள். எப்படி மறுப்பான்? நிமிர்ந்து நிற்கச் சொல்லி, அவனே எண்ணினான். ஒன்று, ரெண்டு, மூணு, நாலு. முதலில் விம்மலில் எண்ணிக்கை உடைந்தது. பிறகு சீரானது. கொஞ்ச நேரத்தில் அவள் தோள் இறங்கியது, முகம் துடைத்து வைத்தாற்போல் ஆனது. சுவரில் மாட்டியிருந்த பிள்ளையின் சட்டையை ஏறிட்டுப் பார்த்தாள். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"ஹவ், ஆமாங்க, இப்ப வலிக்கல" என்றாள்.

பர்மாவில் வராத நடுக்கம் அப்போது அவனுக்கு வந்தது. அவள் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினான்.

"நக்கோ, நாகம்மா! வேணாம், எண்ணாத! நீயும் இப்படி ஆயிட்டா நம்ம புள்ளைக்கு அழ யாரு இருக்கா?"