திருச்சி விமானத்தில் வந்த அக்கா

அக்கா கொழும்பில் இறங்கியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. இலங்கைதானே, எங்கே இறங்கினால் என்ன என்று நினைத்து, திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டாள். நாங்கள் இருப்பதோ நாவலப்பிட்டி. அம்மாவும் நானும் விடியுமுன் வேன் பிடித்து, கண்டி டவுனைத் தாண்டி, கலகெதர வளைவுகளில் அம்மா வாந்தியெடுத்து, வடக்கே விமான நிலையம் போய்ச் சேர்வதற்குள் உச்சி வெயில்.

வெள்ளைக்காரன் உலக யுத்தத்துக்கென்று போட்ட ஓடுபாதை அது. பிறகு எங்கள் நாட்டு யுத்தத்துக்கும் உதவியது. இப்போது ஒரு சின்னக் கட்டடம், ஒரு தகரக் கொட்டகை, சுற்றிலும் முள்ளுக்கம்பி. வானத்தைப் பார்ப்பேன், வாசலைப் பார்ப்பேன். உட்காரவே முடியவில்லை.

அக்கா கல்யாணம் முடித்த கையோடு புருஷன் வீட்டாருடன் இந்தியாவுக்குக் கப்பலேறியவள். அவர்களுக்கு இந்தியப் பிரஜாவுரிமை, எங்களுக்கு இலங்கை. கடைக்குட்டி மகள் நான் அப்போது இடுப்புக் குழந்தை. அதற்குப் பிறகு கடிதம், அப்புறம் பட்டன் போனில் குரல். நாற்பது வருஷத்துக்கு மேலாக முகம் மட்டும் இல்லை.

அம்மாவுக்கு ஒரே பயம்தான். "என்னய அவளுக்கு அடையாளம் தெரியுமா புள்ள?" வேன் ஏறியதிலிருந்து இதே கேள்வி. அன்று தலை முழுக்கக் கறுப்பு, இப்போது வாயில் பல்லும் இல்லை.

"பெத்த தாயத் தெரியாமப் போகுமா? சும்மா இருங்கம்மா" என்று எரிந்து விழுந்தேன். எனக்கும் அதே பயம் இருந்ததால்தான் அவ்வளவு எரிச்சல்.

காவலுக்கு நின்ற பெரியவரிடம் மறுபடியும் போய் விசாரித்தேன். "பிளேன் வரும் பிள்ளை, ஓடிப்போகாது. இருங்கோ" என்றார்.

வந்தது. பெரிய பஸ் அளவில் ஒரு விமானம். ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அம்மாவைக் கதிரையிலிருந்து எழுப்பி முன்னால் நிறுத்தி, தோளைப் பிடித்துக்கொண்டேன். நரைத்த தலையுடன் ஒருத்தி பையை இழுத்தபடி வந்து, எங்களைக் கண்டதும் நின்றாள். பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அம்மாவைத் தாண்டி வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு "அம்மா, அம்மா" என்று கதறினாள்.

என் வயதில் அம்மா எப்படி இருந்தாளோ அச்சு அசல் அப்படியே நான் இருக்கிறேன் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எல்லாரும் சொல்வார்கள். அக்காவுக்குத் தெரிந்த முகம் அதுதான். "அக்கா, அம்மா இந்தா நிக்கிறாங்க" என்று அவளை விலக்கப் பார்த்தேன்.

அம்மா என் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"விடு புள்ள, அழட்டும். அவ என்னயத்தான் கட்டிப் புடிச்சிருக்கா."