தலை கழற்றிய இறால்

சுனாமிக்குப் பிறகு நாவற்குடாவில் என் மீன் கடைப் பக்கம் ஒருவரும் வரவில்லை. "சனத்தத் தின்ட மீன எப்பிடித் தின்றது?" என்றார்கள். இது கடலில் பிடித்ததில்லை, வாவி இறால் என்று தொண்டை கிழியக் கத்தியும் கேட்பாரில்லை.

முதலில் வந்தவர் வசந்தியக்கா. கல்குடாக் கரையில் புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவர்.

"புள்ள மெலிஞ்சு போயிற்றாள் தம்பி. கிளினிக்கில மீன், இறால் குடுக்கச் சொல்றாங்க. அவள் இறால் மட்டுந்தான் வாயில வைப்பாள். தலையக் கழட்டித் தாங்க. அந்தக் கண்ண என்னால பாக்க ஏலா."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இறாலைத் தலையோடுதான் விற்பேன் என்பது என் சட்டம். தலை உடம்போடு இறுக்கமாக நின்றால் புதுசு. கறுத்து ஆடினால் பழசு. தலையில்லாத இறாலை விற்பவன் எதையோ மறைக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவனே நான்தான். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் கோபம் தணிந்தது. அவர் பார்க்காதபடி திரும்பி நின்று தலைகளைக் கழற்றிக் கொடுத்தேன். அதுவே வழக்கமாகிவிட்டது.

பிறகு நாட்டில் மறுபடி சண்டை மூண்டது. பாதை பூட்டினால் ஐஸ் லொறி வராது. றெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டியில் ஐஸ் ஒரு தட்டு, இறால் ஒரு தட்டு என்று அடுக்கி, உருகும் தண்ணீர் வடிய அடியில் ஓட்டை விட்டால்தான் இறால் மறுநாள் வரை தாங்கும். ஐஸ் இல்லாத ஒரு நாள் பெட்டியைத் திறந்தால் தலையெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. அன்றைக்கென்று அக்கா வந்து நிற்கிறார். தலையைக் கழற்றிவிட்டால் அவருக்குத் தெரியவே வராது. என் வீட்டிலும் அடுப்பெரிய வேண்டும். கை கத்தி வரைக்கும் போனது.

"இண்டைக்கு வேணாங்கா. இது பழசு. புள்ளைக்கு முட்டை வாங்கிக் குடுங்க."

அக்கா வெறும் பையோடு திரும்பிப் போனார். பெட்டியிலிருந்த இறாலையெல்லாம் குழி வெட்டித் தாட்டேன்.

சண்டை முடிந்த பிறகு ஒரு காலை, தோளுயரம் வளர்ந்த மகளோடு வந்தார். நான் வழக்கம்போலத் திரும்பினேன்.

"கழட்டாதீங்க தம்பி. இவள் சமைக்கப் பழகுறாள், பாத்து வாங்கத் தெரிய வேணும்."

ஒரு இறாலை எடுத்துத் தலையை அழுத்திக் காட்டினார். இம்முறை அதன் கண்ணிலிருந்து பார்வையை விலக்கவில்லை.

"இறுக்கமா இரிக்கி, பாத்தியா? ஆனா இந்த மாமாட்ட வாங்கினா, பாக்காமலும் வாங்கலாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடை போடும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வாங்குபவர் பார்க்க முடியாத நாளில், அவருக்காக நீங்கள் பாருங்கள்.