பெட்டி கத்திய பாட்டு

மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த யாசீனிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "கொர்ருனு சத்தம் வருது பாய்." ஃபேனில் தூசி அடைந்திருக்கும், இல்லையென்றால் ஒரு திருகு தளர்ந்திருக்கும். யாசீன் திறந்து, ஊதி, ஒரு சொட்டு எண்ணெய் விடுவான். சத்தம் நின்றதும் பெரிய சாதனை செய்தவன்போல ஒரு சிரிப்பு. சத்தம் நின்றால் கோளாறு தீர்ந்தது என்று வாடிக்கையாளர் நினைக்கலாம், தப்பில்லை. போகப் போக இவனும் அப்படியே நினைக்க ஆரம்பித்ததுதான் வம்பாய்ப் போயிற்று.

2008இல் ஜோஷ்வா என்பவர் ஊரப்பாக்கம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு மாடியைப் பிடித்து, பாட்டுப் பதிவு செய்யும் ஸ்டுடியோ திறந்தார். பாட்டில் அவர் புலி. கம்ப்யூட்டர் என்றால் தூர நின்றே கும்பிடுவார். நான்கு ஹார்டு டிஸ்குகளைச் செருகுகிற பெட்டி ஒன்றை யாசீன்தான் அவருக்கு வாங்கிக் கொடுத்தான். நான்கும் சேர்ந்து ஒரே டிஸ்காகத் தெரியும்படி அதிலேயே 'ரெய்டு' என்கிற ஏற்பாட்டையும் செய்து கொடுத்தான்.

"இதுல இன்னா விசேஷம்னா சார், நாலுல ஒண்ணு செத்தாலும் பாட்டுக்கு ஒண்ணும் ஆவாது. அதுல இருந்ததை மத்த மூணும் சேர்ந்து குடுத்துரும். எது செத்தாலும் பெட்டியே கத்திச் சொல்லும். உடனே புதுசு மாத்திட்டா சரி."

"ரெண்டு போச்சுன்னா?"

"ரெண்டு எப்டி சார் ஒண்ணா போவும்? தைரியமா இருங்க."

நான்கையும் அவன் ரிச்சி தெருக் கடை ஒன்றில் ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்திருந்தான். ஒன்றாகத் தயாரானவை ஒன்றாகவே மண்டையைப் போடக்கூடும் என்பது அவனுக்குத் தெரியாத சங்கதி இல்லை. மார்தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

அந்த ஸ்டுடியோவுக்கு ரத்தினபாய் வந்தார். தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவார். தானே கட்டிய பாட்டுகள் எட்டு வைத்திருந்தார். தொண்டையில் கட்டி, ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதன்பிறகு குரல் வருமா என்று கேட்டதற்கு டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆபரேஷனுக்குப் போவதற்குள் எட்டையும் பதிந்துவிட வேண்டும் என்று அவர் கேட்க, ஜோஷ்வா மற்ற வேலையை எல்லாம் ஒதுக்கி வைத்தார்.

கடைசிப் பாட்டு பதிவான அன்று யாசீனும் அங்கே இருந்தான். யு.பி.எஸ். இரைகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். ரத்தினபாய் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி முதல் சரணத்தில் இருந்தார். பெட்டி கத்தத் தொடங்கியது. பீப், பீப் என்று விடாமல் கத்தியது. மூன்றாவது டிஸ்கின் விளக்கு சிவப்பாகியிருந்தது. அவருக்கு அது கேட்கவில்லை, மைக்குக்குக் கேட்டது.

"இன்னா பாய் அது?" என்று ஜோஷ்வா பதறினார்.

யாசீனின் கை தானாகப் பெட்டியின் பின்னால் போய்ப் பொத்தானை அமுக்கியது. சத்தம் நின்றது. "ஒண்ணுமில்ல சார். ஃபேன் சூடாயிருச்சு."

வாங்கிக் கொடுத்து நாலு மாதம்கூட ஆகவில்லை. அவ்வளவு அளந்துவிட்டு, செத்துப்போச்சு என்று எந்த முகத்தோடு சொல்வது? மறுநாளே புது டிஸ்கோடு வந்து ஓசைப்படாமல் மாற்றிவிடலாம் என்று நினைத்தான். மறுநாள் வேறு வேலை வந்தது. பிறகு நோன்பு மாதம் வந்தது. நினைப்பு வரும்போதெல்லாம் மீதி மூன்று ஓடுகிறதே என்று தன்னைத்தானே தட்டிக்கொடுத்துக்கொண்டான்.

பாடி முடித்ததும் ரத்தினபாய் சோர்ந்துபோனதால், சத்தத்தைப் பற்றிச் சொல்லி இன்னொரு முறை பாடவைக்க ஜோஷ்வாவுக்கு மனம் வரவில்லை. "சத்தத்தைப் போக்குறதுல நீங்க கில்லாடி ஆச்சே. பாட்டுலேர்ந்தும் அதை எடுத்துக் குடுங்க" என்றார் ஜோஷ்வா. யாசீன் அந்த ஒரு பாட்டைக் கடைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய்ப் போட்டு வைத்தான். அதையும் தொடவில்லை.

ஆபரேஷன் முடிந்து ரத்தினபாய் வீடு திரும்பிய வாரம் இன்னொரு டிஸ்கும் நின்றது. நான்கில் இரண்டு போனதால் பெட்டியில் இருந்த அத்தனையும் போயிற்று. யாசீன் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினான், தெரிந்தவர்களிடமெல்லாம் தூக்கிக்கொண்டு அலைந்தான். எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

"கரண்ட்டு போயிப் போயி வந்துச்சுல்ல, அதான். உங்க மேல இன்னா தப்பு பாய்?" என்று ஜோஷ்வா அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். யாசீன் தலையாட்டினான். அன்றிலிருந்து ஜோஷ்வாவின் போன் வந்தாலே எடுக்காமல் விட்டான்.

மிஞ்சிய ஒரு பாட்டையாவது கேட்கட்டும் என்று ஜோஷ்வா ரத்தினபாயைக் கடைக்கே கூட்டி வந்தார். கழுத்தில் புடவைத் தலைப்பைச் சுற்றியிருந்தார். குரல் திரும்பவில்லை, பேசினால் காற்றோடு கலந்த கிசுகிசுப்புதான் வந்தது. பாட்டு ஓடியது. தன் குரலைக் கேட்டதும் அவர் கண் நிறைந்தது. பிறகு புருவத்தைச் சுருக்கினார்.

"தம்பி, நடுவுல அது இன்னா சத்தம்?"

"அது ஃபேன்க்கா" என்று ஜோஷ்வாவே பதில் சொன்னார்.

சும்மா இருந்தாலே போதும், தப்பித்திருப்பான். யாசீனால் சும்மா இருக்க முடியவில்லை. "ஃபேன் இல்லக்கா. ஒரு டிஸ்க் செத்துப்போச்சு, மாத்துன்னு பெட்டி கத்துச்சு. நான்தான் அமுக்கினேன். உடனே மாத்தியிருந்தா உங்க எட்டுப் பாட்டும் இருந்திருக்கும்."

ஜோஷ்வா எழுந்து வெளியே போய்த் தெருவைப் பார்த்து நின்றுகொண்டார். ரத்தினபாய் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்டியாச்சும் அந்த சத்தத்தை எடுத்துக் குடுத்துர்றேன்க்கா" என்று யாசீன் மவுஸைப் பிடித்தான்.

அவர் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். "வேணாம். அதை எடுக்கறேன்னு மிச்சத்தையும் தொலைச்சிடாத." மூச்சு வாங்கிக்கொண்டார். "இன்னொரு வாட்டி போடு."

யாசீன் போட்டான். முதல் சரணத்தில் பெட்டி கத்தத் தொடங்கியது. அவன் தலை குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். சரணம் முடிவதற்குள், அன்று அவன் பொத்தானை அமுக்கிய இடத்தில், சட்டென்று சத்தம் நின்றது. ரத்தினபாய் திரும்பி அவன் கையைப் பார்த்தார்.