காட்டுக்குள் கொடுத்த குரல்

கோடியக்கரைக்கு மான் பார்க்கப் போகிறோம் என்று அம்மா சொன்னதை அப்படியே நம்பினேன். எட்டு வயதில் யார் எதைச் சொன்னாலும் நம்பும் அசடு நான். பஸ்ஸில் போகும் வழியெல்லாம், மானுக்குக் கொம்பு எத்தனை முழம் இருக்கும் என்று கேட்டு அவள் உயிரை வாங்கினேன். நாங்கள் இரண்டு பேர்தான். அவள் மடியில் இருந்த கட்டுச்சோறு மூன்று பேருக்கு.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, காணாமல் போய் ஆறு மாதம். தை அறுப்பில் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டுப் பண்ணைக் களத்தில் அடிதடி. மெட்ராஸில் நம்ம ஆட்சி வந்துவிட்டது என்று ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டியவர் அவர்தான். அந்த ஆட்சியின் போலீஸ்தான் அவரைத் தேடியும் வந்தது. கோடியக்கரைக் காட்டில் ஒளிந்திருக்கிறார் என்றார்கள் சிலர். களத்திலேயே அடித்துப் புதைத்தாயிற்று என்றார்கள் சிலர். அவருடைய மனைவி, என் அத்தை, எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அவளுடைய அண்ணன் அழைத்துப் போக வந்திருந்தார். வேறு மாப்பிள்ளை பார்த்தாயிற்றாம். எங்கள் ஜனத்தில் அது தப்பில்லை. ஆடி அமாவாசை கழியட்டும் என்று அம்மாதான் கெஞ்சி நிறுத்தி வைத்தாள்.

அமாவாசைக் கூட்டம் கடலில் முங்கிக்கொண்டிருக்க, அம்மா என்னை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் நடந்தாள். உச்சி வெயில். கொஞ்ச தூரத்திலேயே அலைச் சத்தம் அடங்கிவிட்டது. மரங்களெல்லாம் குட்டையாக, ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. வெட்டவெளியில் ஐம்பது அறுபது மான்கள் நின்றன. ஒன்றுகூட மேயவில்லை. எங்களைப் பார்க்காமல், எங்களுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. எனக்கு மான் ஆசையே விட்டுப்போயிற்று.

அம்மா கைகளை வாயில் குவித்து நீளமாகக் கூவினாள். வயலுக்குக் கஞ்சி கொண்டு போனால் வரப்பில் நின்று அவள் கொடுக்கும் குரல் அது. எந்த மூலையில் நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தாலும் மாமா இரண்டு தடவை திருப்பிக் கூவுவார். ஒன்று, கேட்டுவிட்டது என்பதற்கு. இன்னொன்று, வருகிறேன் என்பதற்கு. இங்கே பதிலே இல்லை. அம்மா திரும்பத் திரும்பக் கூவினாள். தொண்டை கம்மிக் கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது.

எனக்குத் தாங்கவில்லை. ஒண்ணுக்குப் போகிறேன் என்று புதருக்குப் பின்னால் போய், தொண்டையைத் தடிமனாக்கிக்கொண்டு மாமா மாதிரியே ஒரு கூவல் போட்டேன். அவர் தோளில் உட்கார்ந்து கற்ற வித்தை. இரண்டாவதற்கு மூச்சை இழுத்தேன்.

அதற்குள் இரண்டாவது குரல் கேட்டது.

காட்டின் உள்ளேயிருந்து, தூரத்தில், என்னுடையதைவிட நிதானமாக. மான்கள் அத்தனையும் சிதறி ஓடின. என் பாவாடை நனைந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. எதிரொலி என்று இன்று சொல்லிப் பார்க்கிறேன்; அந்த மணல்காட்டில் எதிரொலிக்க என்ன இருக்கிறது? மயில் என்றும் சொல்லிப் பார்க்கிறேன்.

திரும்பி வந்தால், அம்மா மணலில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தாள். சோற்றை மரத்தடியில் வைத்துவிட்டுப் பொழுது சாயும்வரை காத்திருந்தோம். யாரும் வரவில்லை. கூட ஒரு பிள்ளை இருக்கிறது, வெளியே போய் உளறிவிடும் என்று பயப்படுகிறான் என அம்மாவே காரணமும் கண்டுபிடித்தாள்.

வீடு திரும்பியபோது அத்தை தெருவிலேயே நின்றிருந்தாள்.

"குரல் கேட்டுச்சா அண்ணி?"

"ரெண்டும் கேட்டுச்சு."

அத்தை உள்ளே போய், நெற்றி நிறையப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். மறுநாள் அவளுடைய அண்ணன் தனியாகத்தான் ஊர் திரும்பினார்.

ஒன்று நான் கொடுத்தது என்று சொல்ல வாய் வரை வந்தது. அப்படியானால் மற்றது யார் என்று கேட்பார்களே! அந்தப் பயத்தில் விழுங்கிவிட்டேன். இரண்டு பேரும் சந்தோஷமாகத்தானே இருக்கிறார்கள் என்று சமாதானமாகத் தூங்கியும் போனேன்.

அத்தை தலை நரைக்கும்வரை காத்திருந்தாள். அன்று அவளுக்கு இருபத்திரண்டு வயது. எட்டு வயதுக்காரியான எனக்கு அது பெரிய வயதாகத்தான் தெரிந்தது.