உவர்மண்ணும் என் உத்தியோகமும்

மண்ணைக் கிளறிப் பிழைப்பவன் குடியானவன், மண்ணைப் பிசைந்து பிழைப்பவன் குயவன், மண்ணைப் பையில் கட்டிச் சென்னைக்கு அனுப்பிப் பிழைத்தவன் அடியேன். சர்க்கார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், "எதுக்கு வந்தே?" என்ற கேள்விக்கு நாளைக்கு ஐம்பது தரம் பதில் சொல்லும் அம்மை குத்துகிறவர்களும் ஜனக்கணக்கு எடுக்கிறவர்களும் என் வயிற்றெரிச்சலை உடனே புரிந்துகொள்வார்கள். மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

சென்னையில் ஒரு விவசாயக் கல்லூரி. அங்கே ஒரு வெள்ளைக்காரப் புரொபசர். திருநெல்வேலி ஜில்லாவின் மண்ணையெல்லாம் ஆராய வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவை என் தலையில் கட்டினார். நாற்பது ஊரில் நாற்பது பை மண் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒன்பது அங்குல ஆழத்திலிருந்து வர வேண்டும். கூடவே, சந்தை கூடும் இடங்களில் குடியானவர்களுக்கு மண்வளத்தைப் பற்றிப் பிரசங்கமும் செய்ய வேண்டும். வேலை தற்காலிகம். மண் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால்தான் நிரந்தரம். கும்பகோணத்தில் ஒரு பெண்ணின் தகப்பனார், ‘நிரந்தரம்’ என்ற காகிதத்தைக் கண்ணால் பார்த்த பிறகே முகூர்த்தம் குறிப்பேன் என்று பஞ்சாங்கத்தை மூடி வைத்திருந்தார். ஆக, என் கல்யாணம் அந்த நாற்பது பைக்குள்தான் இருந்தது.

காலடி மண்

முதல் பைக்குச் சுந்தரபாண்டியம் போனேன். ஒருவர் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். புதிதாகப் புரண்ட மண் ஆயிற்றே என்று, அவருக்குப் பின்னாலேயே குனிந்து, அவர் கால் வைத்த இடத்தில் ஒரு கை அள்ளினேன். ஒருவனுடைய காலடி மண்ணை எதற்கு எடுப்பார்கள் என்பது கும்பகோணத்துக்காரனான எனக்கும் தெரியும். ஆனால் கல்லூரியில் படித்த பிறகு அதையெல்லாம் மறந்துவிட வேண்டும் அல்லவா? நான் மறந்திருந்தேன். கஞ்சிக் கலயத்தோடு வந்த அவர் சம்சாரம் மறக்கவில்லை.

அந்த அம்மாள் போட்ட கூச்சலில் நாலு வயல் ஆட்கள் கூடிவிட்டார்கள். எடுத்த மண்ணை எடுத்த இடத்திலேயே போடச் சொல்லி, அதன்மேல் என்னை மூன்று முறை துப்பவும் வைத்தார்கள். நான் சர்க்கார் முத்திரை போட்ட உத்தரவை எடுத்துக் காட்டினேன். "இது செய்வினை இல்லை அம்மா, நான் படித்தவன்" என்றேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் புருஷனிடம் சொன்னாள்:

"பாத்தா படிச்சவன் மாதிரித்தான் இருக்கான். அதான் எனக்குப் பயமா இருக்கு!"

பூதக்கண்ணாடி

ராஜபாளையம் சந்தையில் என் முதல் பிரசங்கம். புரொபசர் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்ததை நான் தமிழாக்கி, ‘மண்ணுக்கும் பசி உண்டு, தாகம் உண்டு’ என்று ஆரம்பித்து, மூச்சு வாங்க முழங்கினேன். எதிரே சுமார் முப்பது பேர். நான் மருந்து விற்கப் போகிறேன் என்று கடைசிவரை நம்பிக் காத்திருந்தவர்கள் அவர்கள். முடித்ததும், "சந்தேகம் இருந்தால் கேட்கலாம்" என்றேன். "மருந்து எப்பம் குடுப்பிய?" என்று ஒருவர் கேட்டார்.

மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பூதக்கண்ணாடியை வெளியே எடுத்தேன். ஒரு சிட்டிகை குப்பைமண்ணைத் தாளில் பரப்பி, பார்க்கச் சொன்னேன். அவ்வளவுதான், கூட்டம் மூன்று மடங்காகிவிட்டது. ஒருவர் தம் மனைவியின் மூக்குத்தியைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, அதைச் செய்த தட்டானைத் தேடிப் போனார். பஞ்சு வியாபாரம் செய்யும் ராவுத்தர் ஒருவர் மட்டும் மண்ணையே வெகுநேரம் பார்த்தார். அதில் நெளிந்தவற்றையும் ஓடியவற்றையும் பார்த்தார். பிறகு தம் பாதங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டு மிகவும் வருத்தமாகச் சொன்னார்:

"கீழ இம்புட்டுப் பேரு குடியிருக்காகன்னு மொதல்லயே சொல்லியிருந்தா, நான் செருப்பில்லாம நடந்திருக்கவே மாட்டேனே!"

வெள்ளை நாய்

அதே ஊரில் வெங்கட்ராஜு என்பவருக்கு மாந்தோப்பும் வயலும் இருந்தன. நல்ல மனிதர். "ராண்டி, ராண்டி" என்று வீட்டுத் தெலுங்கில் வரவேற்று இளநீர் வெட்டித் தந்தார். தோப்பில் அவருடைய வெள்ளை நாய் படுத்திருந்தது. கன்றுக்குட்டி உயரம். என்னை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. இவ்வளவு சாதுவா என்று நினைத்துக் குழி தோண்டிப் பையை நிரப்பிக் கிளம்பினேன். வாசலில் நாய் நின்றது.

குரைக்கவில்லை, கடிக்கவில்லை, வெறுமனே நின்றது. நான் இடப்பக்கம் போனால் அதுவும் இடப்பக்கம் வந்தது. பையைக் கீழே வைத்தேன், வழி விட்டது. பையைத் தூக்கினேன், வழியை மறித்தது. இப்படி நாங்கள் இருவரும் அரை மணி நேரம் கும்மியடித்த பிறகு, பையைக் கவிழ்த்துவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தேன். ராஜு நாயைக் கட்டிப்பிடித்துத் தடவிக் கொடுத்தார். அவர் வேட்டியெல்லாம் வெள்ளை முடி. என்னிடம் சமாதானமாகச் சொன்னார்:

"தப்பா நெனைக்காதீய. வாரவுகளை அது ஒண்ணும் செய்யாது. கொண்டு போறவுகளைத்தான் அதுக்குப் பிடிக்காது."

திடீர் தருமவான்கள்

அலுத்துப்போய், ஊருக்கு ஒரு காலிப் பையாகக் கொடுத்துவிட்டு வந்தேன். "உங்கள் மண்ணை நீங்களே எடுத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் என் ஜாகையில் சேர்த்துவிடுங்கள்" என்று கெஞ்சினேன். ஒரு பையும் வராது என்றுதான் நினைத்தேன். பத்தே நாளில் நாற்பதும் வந்துவிட்டன! கான்சாபுரத்துக்காரர் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். வெங்கட்ராஜு தம் கையாலேயே தூக்கி வந்தார். நாயின் அனுமதி கிடைத்ததா என்று கேட்டதற்குச் சிரித்தார். என் பிரசங்கம்தான் வேலை செய்கிறது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

பைகளைத் திறந்து நிறம் எழுத உட்கார்ந்தேன். எல்லாம் ஏறக்குறைய ஒரே வெளிறல். ஆனால் படித்தவன் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாமல் போகுமா? ‘இளஞ்சாம்பல்’, ‘மென்சாம்பல்’, ‘சாம்பல் கலந்த வெண்மை’ என்று நாற்பது விதமாக எழுதி முடித்தேன். சாத்தூர் ரயிலடிக்கு மூட்டை ஏற்ற வந்த வண்டிக்காரர் ஒவ்வொன்றாக வாய் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நாப்பது ஊரு மண்ணுங்கிய. எல்லாம் ஒரே வயித்துப் பிள்ளைய மாதிரில்லா இருக்கு!"

கடிதம்

புரொபசரின் பதில் ஒரே பக்கம்தான். நாற்பது பையிலும் இருப்பது உப்புப் பூத்த களர். இதில் புல்கூட முளைக்காது. இந்தத் தாலுகாவில் மனிதர்கள் எதைத் தின்று உயிர் வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் நிஜமான மண் வராவிட்டால், நீர் வீட்டுக்குப் போகலாம். கும்பகோணத்துப் பஞ்சாங்கம் படாரென்று மூடுகிற சத்தம் என் காதில் கேட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதுவிட்டேன். தபால்காரர் போகாமல் நின்று, உறையை வாங்கி நாலு மூலையையும் திருப்பிப் பார்த்தார்.

"எழவுக் கடுதாசின்னா ஓரத்துல கறுப்பு மை இருக்கும்லா? இதுல இல்லியே. பொறவு எதுக்கு ஐயா அழுதிய?"

மாடத்தியின் வழக்கு

அன்று மத்தியானமே இன்னொரு இடி. ஊருக்குத் துணி வெளுக்கும் மாடத்தி என் வாசலில் வந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும். குரல் மட்டும் எனக்கு இரண்டு மடங்கு. ஊருக்கு வெளியே சாலையோரம் ஒரு களர்ப் பொட்டல் இருக்கிறது. அங்கே பூக்கிற உவர்மண்ணை அள்ளி வந்துதான் அவள் துணி வெளுப்பது. அங்கே இப்போது இடுப்பளவு குழி. "வண்டி வண்டியா வந்து எறங்குனாக. உங்க சர்க்கார் பையில அள்ளுனாக. உங்க வீட்டைப் பாத்து வந்தாக. ஏன் ஐயா, உங்களுக்கு என்ன அம்புட்டு அழுக்கா?" என்றாள்.

எல்லாம் விளங்கிவிட்டது. நாற்பது ஊர்க்காரர்களும் காலிப் பையோடு கிளம்பி, என் வீட்டுக்கு நாலு எட்டு முன்னால் இறங்கி நிரப்பியிருக்கிறார்கள். சுமை மிச்சம்! நேரே ராஜபாளையம் ஓடி வெங்கட்ராஜுவிடம் சண்டை போட்டேன். அவர் இளநீர் வெட்டிக்கொண்டே அமைதியாக விளக்கினார். நல்ல மண் என்று சர்க்கார் காகிதத்தில் ஏறினால் நிலத்தீர்வையும் ஏறிவிடும் என்று தாலுகா முழுக்கப் பேச்சு. இல்லை என்று நான் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

"உங்களை நம்புதோம். உங்க சத்தியத்தையும் நம்புதோம். மண்ணு மட்டும் தர மாட்டோம். இளநி குடிங்க."

கொட்டாங்கச்சி

கடைசியில் மாடத்தியிடமே போய் உண்மையைச் சொன்னேன். சீக்கிரமே என் வேலை போய்விடும், அதற்குப் பிறகு உன் உவர்மண்ணுக்கு ஆபத்தில்லை என்றேன். அவள் துணியை அடித்துத் துவைப்பதை நிறுத்தினாள். "மெட்ராசுக்குப் போன என் மண்ணு திரும்பி வருமா?" என்று கேட்டாள். வேலை நிலைத்தால் வரவழைக்கிறேன் என்றேன். "அப்பம் நீங்க கேட்ட ஊரு மண்ணை நான் தாரேன்" என்றாள்.

மழைக்காலம் அது. வயலில் இறங்காத வேட்டி கிடையாது. மாடத்தி தன் நாத்தனாருக்கும் மதினிமார்களுக்கும் சொல்லி அனுப்பினாள். ஊருக்கு ஊர் அவள் சொந்தக்காரர்கள்தானே துணி வெளுக்கிறார்கள்! ஒவ்வொரு வீட்டுத் துணியையும் தனித்தனியாக அலசி, அடியில் தங்கிய மண்ணைக் காயவைத்து, கொட்டாங்கச்சியில் போட்டு அனுப்பினார்கள். செட்டியார்பட்டியிலிருந்து வண்டல், ராஜபாளையத்திலிருந்து செவல், இன்னும் கரிசல், மணல் எல்லாம் நாற்பது கொட்டாங்கச்சியில் வரிசையாக வந்து உட்கார்ந்தன. ஒன்பது அங்குல ஆழம் என்று எப்படி எழுதுவது என்று நான் தயங்கினேன். மாடத்தி ஒரு வேட்டியைத் தூக்கி, கீழிருந்து சாண் வைத்துக் காட்டினாள்:

"ஒம்பதென்ன, இவுக முட்டுவரைக்குமில்லா எறங்கியிருக்காக!"

துரையின் கால்சட்டை

இந்தத் தடவை கடிதம் வரவில்லை, புரொபசரே வந்துவிட்டார். மண் அருமை, மாவு மாதிரி இருக்கிறது, சந்தோஷம். ஆனால் நாற்பதிலும் வெற்றிலைச் சுண்ணாம்பு எப்படி வந்தது? ராஜபாளையத்து மண்ணில் ஒன்பது அங்குல ஆழத்தில் வெள்ளை நாய்முடி எப்படி வந்தது? எனக்கும் பொய் சொல்ல வரும். நாய்முடியை மண்ணுக்கடியில் முளைக்க வைக்கிற அளவுக்கு வராது. எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். துரை முகம் சிவந்தார். "அழுக்குத்துணியை அலசி எனக்கு அனுப்பினாயா?" என்று கேட்டு, அந்தத் துவைக்கிற பெண் எங்கே, அவளையும் பார்த்துவிட்டு உன் கணக்கைத் தீர்க்கிறேன் என்றார்.

கண்மாய்க் கரைக்குப் போனோம். எந்த மண் எந்த ஊர் மண் என்று இவளுக்கு எப்படித் தெரியும், கேள் என்றார். நான் கேட்டேன். மாடத்தி துவைகல்லை விட்டு முன்னால் வந்தாள். ஈரக்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு துரையின் கால்சட்டையைப் பார்த்தாள். சுற்றி ஒரு நடை வந்து பின்பக்கமும் பார்த்தாள்.

"கரண்டைக்கால்ல கரிசலு, சாத்தூரு ரோட்டுல வண்டியை விட்டு எறங்கியிருக்காக. முட்டுல செவலு, ராஜபாளையம் போயிருக்காக. ஒருத்தருகிட்டயும் சொல்லாமத்தான் போயிருக்காக, வழி மறிச்ச நாயோட முடி ஒட்டியிருக்கு" என்றாள். நான் அப்படியே மொழிபெயர்த்தேன். துரை என்னை விட்டுவிட்டு அவளையே பார்த்தார். காலையில் தனியாகப் போய் வெங்கட்ராஜு தோப்பில் அவரே மண் எடுக்கப் பார்த்தாராம். வெறுங்கையோடுதான் வெளியே வந்தாராம். யாரிடமும் மூச்சு விடவில்லை. மாடத்தி இன்னும் முடிக்கவில்லை. அடுத்த வாக்கியத்தை நான் மொழிபெயர்க்கவில்லை. துரைக்கே அந்த அளவு தமிழ் தெரிந்திருந்தது. முதலில் காது சிவந்தது, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சிரித்து முடித்து என் உத்தரவுக் காகிதத்தைக் கேட்டு வாங்கிப் பேனாவைத் திறந்தார். அவள் சொன்னது இதுதான்:

"பின்னால பூரா வண்டலு. அது செட்டியார்பட்டி வரப்பு. நாங்களே அதுல பாத்துத்தான் நடப்போம். பலமா விழுந்தியளா, தொரை?"

திரும்பி வந்த மண்

வாக்குக் கொடுத்தபடி, சென்னைக்குப் போன நாற்பது பை உவர்மண்ணும் ரயிலேறி, சர்க்கார் முத்திரையோடு சாத்தூரில் வந்து இறங்கின. ஸ்ரீவில்லிபுத்தூர் அழுக்கு எடுக்க மண் சென்னையிலிருந்து வருகிறது என்று ஊரே வேடிக்கை பார்த்தது. முகூர்த்தப் பத்திரிகையும் கையுமாக நானே நின்று மூட்டைகளை இறக்கினேன். மாடத்தி ஒவ்வொரு பையையும் தூக்கிப் பார்த்து, கையில் எடை பார்த்து, கடைசிப் பையைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்:

"பைக்கு ஒரு பிடி கொறையுதே, ஐயா. உங்க தொரை எதை வெளுத்தாரு?"

சர்க்கார் என்னை நிரந்தரமாக்கியது என் படிப்பைப் பார்த்தல்ல, துரையின் கால்சட்டையைப் பின்பக்கமாகப் பார்த்துத்தான் என்பதை என் மாமனாரிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.