மாசியில் விழுந்த செமஸ்டர்

கடல் தாண்டி இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு வந்த முதல் வாரத்தில் என்னிடம் கேட்ட கேள்வி, "என்ன படிக்கப் போகிறாய்?" என்பது. சேர்த்துக்கொண்டவர்களே இப்படிக் கேட்டால் எப்படி? புள்ளியியல் என்றேன். அது தெரியும், அதில் என்னென்ன பாடம், எந்தெந்த செமஸ்டரில் என்றார் என் பேராசிரியர். டெலிபோன் டைரக்டரி கனத்தில் ஒரு கேட்டலாக்கையும் கட்டம் போட்ட ஒரு தாளையும் என் பக்கம் தள்ளினார். அந்தத் தாளுக்கு 'பிளான் ஆஃப் ஸ்டடி' என்று பெயர். பட்டம் வாங்கும் நாள் வரைக்கும் செமஸ்டருக்கு ஒரு கட்டம். எல்லாவற்றையும் நானே நிரப்ப வேண்டும். பந்தியில் உட்காரவைத்துவிட்டு என்ன சமைக்கட்டும் என்று கேட்டதுபோல இருந்தது.

மதுரையில் எங்களுக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. டைம்டேபிளை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள், முண்டியடித்து எழுதிக்கொண்டு வருவோம், அவ்வளவுதான். நான் வாடிப்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தவன். நடவுக்கும் அறுப்புக்கும் போன குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். தங்கை செல்வி பத்தாவதோடு நின்றுவிட்டாள். நான் படிக்கத்தான் அவள் நின்றாள் என்று வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, எல்லோருக்கும் தெரியும். என் டைம்டேபிளை அட்டையில் கோடு போட்டு அழகாக எழுதி, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவைப்பது அவள்தான். களையெடுக்கும்போது நிமிர்ந்து வெயிலைப் பார்த்து, "இந்நேரம் அண்ணனுக்கு கால்குலஸ் கிளாஸு" என்பாளாம். கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்களாம்.

பிறகு அவளை விளாங்குடியில் கட்டிக்கொடுத்தோம். நான் விமானம் ஏறியபோது அவள் மகள் மீனா ஒன்பது மாதக் குழந்தை. மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துவதைப் பற்றி ஊரில் இருக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. செல்விக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருத்தன்தான். மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி எழுமலைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தரம், மாசிப் பச்சை என்கிற சிவராத்திரித் திருவிழாவுக்கு மட்டும்தான் கோயிலைத் திறப்பார்கள். ஒற்றைப்படை வயசில்தான் குத்துவார்கள். பேசி முடித்து, மூணாவது வயசில் என்று வைத்திருந்தோம். வந்துவிடுகிறேன் என்று பிள்ளையின் தலையைத் தொட்டுச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

அந்த மாசி என் தாளில் நாலாவது கட்டத்தின் நடுவில் விழுந்தது. ஊருக்குப் போய்வர இரண்டு மூன்று வாரம் ஆகும், நடுவில் அத்தனை நாள் விட்டால் அந்த செமஸ்டரே போய்விடும் என்று, நான் அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுத் தாளைக் கொடுத்தேன். உடம்புக்கு ஏதாவது பிரச்சினையா என்று பேராசிரியர் கேட்டார். தங்கை மகளுக்குக் காது குத்துகிறார்கள் என்றேன். ஆபரேஷனா என்று பதறினார். இல்லை, தோடு போட என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"என் மகளுக்குக் கடைத்தெருவில் குத்தினோம். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை."

"நான்தான் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும்."

"குழந்தைக்கு அப்பா இல்லையா?"

"இருக்கிறார். அவர் வைத்துக்கொள்ளக் கூடாது."

எங்கள் குடும்பத்தில் ஏதோ பெரிய சிக்கல் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. அதற்கப்புறம் குரலைத் தாழ்த்தி மெதுவாகவே பேசினார். கோடை விடுமுறையில் வைத்துக்கொள்ளக் கூடாதா என்றார். சாமி கதவு திறக்காது என்றேன். அவர் நல்ல மனுஷர், பொறுமையாக விளக்கினார். அந்த செமஸ்டரில் வருகிற கட்டாயப் பாடம் ஒன்றுவிட்டு ஒரு வருஷம்தான் நடக்கும். என் உதவித்தொகை இரண்டே வருஷத்துக்கு. அந்தப் பாடத்தை விட்டால் பட்டம் இல்லாமல் ஊர் திரும்ப வேண்டியதுதான். "முடிவு உன்னுடையது" என்று தாளை என்னிடமே திருப்பித் தந்தார். மதுரையாக இருந்தால் பழியை யுனிவர்சிட்டி மேல் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். இங்கே பென்சில் என் கையில் இருந்தது. பாடத்தின் பெயரை எழுதினேன்.

இந்த மாசிக்கு வர முடியாது என்று ஊருக்கு எழுதினேன். செல்வியிடமிருந்து பதில் வந்தது. "அண்ணே, இதுக்குப் போயி இம்புட்டு வருத்தப்படுவியா? அஞ்சுல குத்திக்கிருவோம். இவுக வீட்டுல பேசத்தான் செய்வாக, பேசிட்டுப் போகட்டும். நீ பாடத்தப் பாரு." மாமன் இல்லாத பிள்ளையா என்று அவள் காதுபடவே பேசினார்கள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

எம்.எஸ். முடிந்து முனைவர் படிப்பில் சேர்ந்தேன். மறுபடியும் ஒரு தாள். இந்தத் தடவை யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. எது எதற்கு முன்னால் வர வேண்டும், எதை எதோடு சேர்த்து எடுத்தால் சுமை குறையும் என்பதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பேனாவாலேயே நிரப்பினேன். பெருமை தாங்காமல் ஒரு ஜெராக்ஸ் எடுத்துச் செல்விக்கு அனுப்பினேன். அவளுக்கு இதெல்லாம் பிடிக்குமே.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. "தாள் வந்துச்சு அண்ணே. அட்டையில ஒட்டிட்டேன். பிப்ரவரியில பெரிய பரீட்சைன்னு போட்டுருக்க. அந்த மாசிதான் மீனாவுக்கு அஞ்சு. நீ மறந்திருக்க மாட்ட. வேற வழி இருந்திருக்காதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

வழி இருந்தது. அதே பரீட்சை ஆகஸ்டிலும் உண்டு. நான் மறந்துதான் போயிருந்தேன். அந்தக் கட்டத்தை நிரப்பும்போது எனக்கு மாசி என்று ஒரு மாசம் இருப்பதே நினைவில் இல்லை. கடிதம் வந்த பிறகாவது மாற்றிக் கேட்டிருக்கலாம். ஆகஸ்டுக்குத் தள்ளினால் பட்டம் ஒரு செமஸ்டர் பிந்தும் என்று யோசித்தேன். வேறு வழியில்லை என்றே அவளுக்குப் பதில் எழுதினேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இன்றைக்கும் நெஞ்சை அறுப்பது அதுதான்.

பரீட்சையில் தேறினேன். பேராசிரியர் கை குலுக்கினார். அடுத்த மாதம் ஒரு போட்டோவும் கடிதமும் வந்தன. "நம்ம பெரியப்பா மகன் உனக்குப் பதிலா உக்கார்றேன்னாரு, நான் விடல. நீ காலேஜுக்குக் கட்டிட்டுப் போன வேட்டி பெட்டியில கெடந்துச்சு. அத என் மடியில விரிச்சு மீனாவ உக்காரவச்சேன். எல்லாரும் மொதல்ல சிரிச்சாக. பெறகு பூசாரியே சரித்தான்னுட்டாரு."

நான் போன வழி அத்தனையும் அந்தத் தாளில் ஒழுங்காக இருக்கிறது. என் வேட்டி மட்டும் எனக்குப் பதிலாக எழுமலைக்குப் போய் வந்திருக்கிறது. போட்டோவில், மாமனுக்குப் போட வேண்டிய மாலையை அதன்மேல் வைத்திருக்கிறார்கள். ஆசாரி குனிந்திருக்கிறார். மீனா வாயைத் திறந்து அழுகிறாள். வலி பொறுக்காமல் அந்த வேட்டியின் கரையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருக்கிறாள்.