கவுதியின் நாலாவது மூலை

வேலைபார்த்த தங்கச் சுரங்கத்தை மூடிய பிறகு அப்பா கவுதி தைக்க ஆரம்பித்தார். பழைய புடவை, வேட்டிகளை அடுக்கி நெருக்கமாகத் தையலோட்டினால் கனத்த போர்வை ஆகும். அதற்கு எங்கள் பக்கம் கவுதி என்று பெயர். துணியை வாடிக்கைக்காரர்களே கொண்டுவருவார்கள். தைப்பது அப்பா, பேர் மட்டும் அம்மாவுக்கு.

அம்மா விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறி, பெங்களூரு வீடுகளில் பாத்திரம் தேய்த்துவிட்டு இருட்டியபின் வருவாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். இப்போது அதே ரயிலில் நானும் போய்வருகிறேன். அந்த அலுப்பு இன்னதென்று தெரிகிறது.

அப்பா சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தைப்பார். சுரங்க ஷாஃப்டுக்குள் இறங்கி மரம் முட்டுக்கொடுத்த கை ஊசி பிடிப்பது தெரிந்தால் மானம் போய்விடும், வெளியே மூச்சுவிடாதே என்று எனக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். எனக்கோ, தைக்காமலே பேர் வாங்கிக்கொள்ளும் அம்மா மேல்தான் கோபம்.

“பகலெல்லாம் பெங்களூரு, ராத்திரில தையலு. எப்பதான் தூங்குவியோ!” என்று பக்கத்து வீட்டுக்காரி வியப்பாள்.

“இன்னா பண்றதுக்கா, பழகிப்போச்சு” என்பாள் அம்மா, கூசாமல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராபர்ட்சன்பேட்டைத் துணிக்கடைக்காரர் மனைவி வந்தார். பேரக்குழந்தைக்கு விரிக்க ஒரு கவுதி தைக்கக் கொடுத்திருந்தார். மூன்று மூலை முடிந்து ஒன்று பாக்கி. நாளைக்கு வாங்க என்றால் கேட்கவில்லை.

“ஒரு மூலைதானம்மா? இங்கியே முடிச்சுக் குடு. நானும் பாத்துக் கத்துக்கறேன்” என்று சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அம்மாவுக்குச் சட்டைப் பொத்தான்கூடத் தைக்க வராது. இன்றைக்கு வசமாக மாட்டினாள் என்று எனக்கு உள்ளூரக் குஷி.

அம்மா ஊசியை எடுத்தாள். சமையலறைக் கதவை ஒருமுறை பார்த்தாள். துணியில் இறங்கவேண்டிய ஊசியைத் தன் கட்டைவிரலில் அழுத்தி இறக்கினாள்.

“அய்யோ! ஊசி ஏறிப்போச்சுக்கா. இன்னிக்கு முடியாது, நாளைக்கு வாங்க.”

ரத்தத்தைப் பார்த்து அந்த அம்மாள் பதறி எழுந்தார். அத்தோடு போயிருப்பார். ஆனால் கதவைத் திறந்துகொண்டு அப்பா வந்தார். யாரையும் பார்க்காமல் உட்கார்ந்து, அம்மா கையிலிருந்த ஊசியை வாங்கி, நாலாவது மூலையை மடித்துத் தைக்கத் தொடங்கினார்.

“நீங்களா தைக்கிறீங்க?”

“ஆமாங்க. எல்லாம் நான்தான்.”

அந்த அம்மாள் கவுதியை வாங்கிக்கொண்டு படியிறங்கியதும் அம்மா அழ ஆரம்பித்தாள்.

“நான்தான் சமாளிச்சிட்டேன் இல்ல? நீங்க எதுக்கு வெளிய வந்தீங்க?”

அப்பா மிச்ச நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

பொய் அம்பலமான அழுகை, போதாததற்கு விரல் வலி என்றுதான் அப்போது நினைத்தேன். பாவமாக இருந்தது. ஓடிப்போய் மஞ்சள்தூள் கொண்டுவந்தேன். அம்மா விரலை நீட்டவேயில்லை. அப்பாவைப் பார்த்துப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.